ஒற்றும் உணரியும்: ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப்பகுதியின் செய்தித்தொடர்பு வரலாறு

1. முன்னுரை

நாட்டின் எல்லை என்பது நிலத்தின்மேல் வரைந்த கோடு மாத்திரம் அன்று. அரசுக்குக் கண்ணும் செவியும் அமைந்த இடமும் அதுவே. எல்லையில் நிகழ்வதை முதற்கண் அறிவோர் எல்லையோர மக்கள். ஆயின் அறிந்ததன் பயனைக் கொள்வோர் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளோர். ஓசூர், கிருட்டிணகிரி என்னும் இரு நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த மலைநாட்டையும் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இற்றை நாளில் இப்பகுதி மின்வண்டிகளும் கைப்பேசி உறுப்புகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் தொழிற்களமாக விளங்குகின்றது. வெப்பம், மின்னோட்டம், அசைவு, இருப்பிடம் ஆகியவற்றைத் தாமே அறிந்து தாமே அறிவிக்கும் கருவிகள் ஈண்டு நாள்தோறும் உருவாகின்றன. இதனைக் கண்டோர் சிலர், பெங்களூர் நகரின் வளர்ச்சி எல்லை கடந்து வழிந்ததன் விளைவே இஃது எனவும், இப்பகுதிக்கும் செய்தித்தொடர்புக்கும் முன்னர் யாதொரு தொடர்பும் இல்லை எனவும் கருதுவர். அக்கருத்து ஒருபுடை உண்மையே. எனினும் முழுதும் பொருந்துவதன்று என்பதே எம் துணிபு. காரணங்களை முறையே காட்டுதும்.

2. சொல்லாராய்ச்சி

முதற்கண் சொற்களை நோக்குவோம். ஆங்கிலத்தில் சென்சார் எனப்படும் கருவியைத் தமிழில் உணரி என்கின்றோம். உணர் என்பது தன்வினை. உணர்த்து என்பது அதன் பிறவினை. சூட்டை அறியும் பகுதியை உணரி என்றும், அறிந்ததைப் பிறிதோரிடத்திற்குச் சொல்லும் பகுதியை உணர்த்தி என்றும் ஒரே அடியினின்று வழங்குதற்கு இடமுண்டு. கருவியின் இரு தொழில்களும் இவ்வாறு ஒரு வினையின் இரு வடிவங்களுள் அடங்குகின்றன.

இதனினும் பழைய சொல் ஒற்று என்பது. மெல்லத் தொடுதல், அழுத்துதல் என்னும் பொருளில் ஒற்றுதல் என்னும் வினை வழங்குகின்றது. மெய்யெழுத்தை ஒற்று என்பர் இலக்கணநூலார். மறைந்து சென்று அறிந்து வருவோனையும் ஒற்று என்றே குறிப்பர் அரசியல் நூலார். இவ்விரு வழக்கும் ஓரடியினவோ என்பதைச் சொற்பிறப்பு ஆராய்வார்க்கு விடுத்து, இங்கு வேண்டுவதை மட்டும் கொள்வோம். தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித் துறைகளுள் வேய் என்பதனையும் ஒன்றாக வைத்துள்ளது. பகைவர் ஆனிரை நிற்கும் இடத்தை முன்னரே அறிந்து வருதல் அதன் பொருள். படை எழுமுன் செய்தி எழ வேண்டும் என்பதைப் பண்டையோர் நன்கு அறிந்திருந்தனர். ஆநிரை காத்தும் கவர்ந்தும் பட்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரங்களில் மிகுந்து காணப்படுதலின், இத்துறை இந்நிலத்திற்கு ஏட்டளவில் நின்றதன்று என்பது பெறப்படும்.

திருக்குறளில் ஒற்றாடல் என்னும் 59-ஆம் அதிகாரம் இப்பொருளை இன்னும் நுணுகி ஆராய்கின்றது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் சரிபார்த்தல் வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவழியே அதனைத் தெளிதல் வேண்டும் என்றும் வள்ளுவர் விதித்தனர். இன்று வானூர்தி முதலிய பெரும்பொறிகளில் ஒரே அளவை மூன்று உணரிகளால் தனித்தனியே எடுத்து, ஒத்தவற்றைக் கொண்டு ஒவ்வாததைத் தள்ளும் முறை நடைபெறுகின்றது. வள்ளுவர் பொறியியல் உரைத்தார் என யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் நூலுக்கும் பொறிக்கும் இழுக்காகும். செய்தியைத் தெளியும் முறை மக்கள் அறிவுக்குப் பொதுவானது என்பதே எம் கருத்து.

3. அஞ்சலும் மலைக்கோட்டையும்

மைசூர் அரசன் சிக்கதேவராயன் (1672–1704) தன் நாட்டில் அஞ்சே என்னும் அஞ்சல் அமைப்பை நிறுவினான். அவ்வமைப்பினர் கடிதம் சுமந்ததோடு நில்லாது, ஊர்தோறும் நிகழ்வனவற்றை அரசனுக்கு அறிவிக்கும் ஒற்றராகவும் இயங்கினர். கன்னட அஞ்சே, தமிழ் அஞ்சல், திருவிதாங்கூரில் வழங்கிய அஞ்சல் என்பன ஒரு குடும்பச் சொற்கள் என்பது வெளிப்படை. மைசூர் அஞ்சே 1889-இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. திருவிதாங்கூர், கொச்சி அஞ்சல் 1951-இல் இணைந்தது. அமைப்பு மறைந்தும் சொல் நிலைத்தது.

கிருட்டிணகிரி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தும் அமைந்துள்ளன. இடைப்பட்ட ஏற்றமே தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் மைசூர் மேட்டுநிலத்திற்கும் இடையே உள்ள படி. அப்படியில் எழுந்தவை கிருட்டிணகிரி, இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகள். பாராமகால் என்னும் பெயர் பன்னிரண்டு கோட்டைகளைக் குறிப்பது என்பர். அப்பன்னிரண்டு இவை என்னும் பட்டியல் நூலுக்கு நூல் வேறுபடுதலின் பெயரளவில் அதனைக் கொள்ளுதலே தகும். இக்கோட்டைகள் படைக்கு அரணாக இருந்ததினும் கணவாய்களைக் காணும் கண்ணாக இருந்தமையே பெரிது. உச்சியில் நிற்பானுக்குக் கீழே செல்லும் படையின் புழுதி ஒரு நாட்செலவுக்கு முன்னரே புலனாகும்.

மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 சூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயர் கைப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் கிருட்டிணகிரி மலைக்கோட்டையைக் கொள்ள மாக்சுவெல் என்னும் தளபதி செய்த முயற்சி தோல்வியுற்றது. எனினும் 1792-இல் சீரங்கப்பட்டினத்து உடன்படிக்கையால் பாராமகால் முழுதும் அவர் வசமாயிற்று. ஓசூர் வட்டாரம் 1799-க்குப் பின் சேர்ந்தது. இக்கண்கள் யாவும் இவ்வூர்களில் இருப்பினும், அவை கண்டதை முடிவாகக் கேட்ட செவி முன்னர்ச் சீரங்கப்பட்டினத்தில் இருந்தது. பின்னர்ச் சென்னையில் இருந்தது. கோட்டை கைமாறியது, முறைமை மாறவில்லை.

4. அளவையும் ஆவணமும்

1792 முதல் 1799 வரை பாராமகாலை ஆண்ட அலெக்சாந்தர் ரீடு என்பாரும் அவர்க்குத் துணைவராய் இருந்த தாமசு மன்றோ முதலியோரும் நிலத்தைப் புலம் புலமாக அளந்து பதிந்தனர். மண், நீர், பயிர், குடி, வரி என யாவும் பதிவேறின. பின்னர்ச் சென்னை மாநிலத்தில் பரவிய இரயத்துவாரி முறைக்கு வித்திட்ட களம் இதுவே. அப்பதிவுகள் பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரால் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை அரசால் ஆங்கிலத்தில் அச்சிடப்பெற்றன. அளக்கப்பட்ட குடியானவன் படித்தற்குரிய மொழியில் அவை வெளிவந்தில.

அதே காலத்தில் வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, மலையுச்சிகளை முக்கோணங்களால் பிணைத்து மேற்கே சென்றார். 1804-இல் பெங்களூர் அருகே மற்றோர் அடிக்கோட்டை நேரே அளந்து, கணக்கால் வந்த நீளத்தோடு ஒப்பிட்டபோது, பல கல் நீளத்தில் வேற்றுமை சில அங்குலமே இருந்தது. ஒன்றால் அறிந்ததை மற்றொன்றால் ஒற்றிக்கொண்ட செயல் இது. இவ்வளவைகளே 1818 முதல் பெருமுக்கோண அளவை என்னும் பெயரால் நாடெங்கும் தொடர்ந்தன.

காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை அளந்தபோது சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் உடன் தொகுத்தார். 1821-இல் அவர் இறந்தபின் அத்தொகுதி கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் பிரிந்து சென்றது. தென்னாட்டு மொழிச் சுவடிகள் மட்டும் பின்னர்ச் சென்னைக்குத் திரும்பின. திரும்பியவற்றால் தமிழாய்வு பெற்ற பயன் நம்மனோர் அறிந்ததே. திரட்டிய செய்தி பிறந்த நாட்டிற்கு மீளுமாயின் அது புதிய அறிவாக வளரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. இதனை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

5. தந்தி விலகிய காலம்

ஓசாக்னசி என்னும் மருத்துவர் மேற்பார்வையில் அமைந்த இந்தியத் தந்தி 1855 பிப்ரவரியில் பொதுமக்கட்குத் திறக்கப்பெற்றது. சென்னையும் பம்பாயும் பெங்களூர் வழியாகக் கம்பியால் பிணைந்தன. 1864-இல் சோலார்ப்பேட்டையினின்று பெங்களூருக்கு இருப்புப்பாதை அமைந்தது. அது குப்பம் வழியே சென்று கிருட்டிணகிரியையும் ஓசூரையும் விலக்கியது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் இட்ட குறும்பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது, 1941-இல் மூடப்பட்டது.

ஈண்டு ஒரு மாற்றம் நோக்கத்தக்கது. கண்ணால் காணும் காலத்தில் மலை வேண்டும். கம்பியால் கேட்கும் காலத்தில் மலை தடை. ஆகலின், கோட்டைக் காலத்தில் நாட்டின் கண்ணாக இருந்த நிலம், கம்பிக் காலத்தில் ஒதுக்கிடமாயிற்று. வழி மாறினால் ஊரின் நிலையும் மாறும் என்பதும், இடத்தின் சிறப்பு இயற்கையால் மட்டும் அமையாது கருவியாலும் அமையும் என்பதும் இதனாற் பெறப்படும். அத்தந்தியும் 2013 சூலையில் இந்தியாவில் முடிவெய்திற்று.

6. தொழிற்பேட்டையும் உணரியும்

1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அப்பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. மழை குறைந்த புன்செய்நிலம், பின்தங்கிய பகுதிக்கு அரசு அளித்த சலுகை, பெங்களூரின் அண்மை என்னும் மூன்றும் கூடின. 1980-இல் டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டும் அவ்வாண்டளவில் ஆலை நிறுவியது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூடி 1984-இல் தொடங்கிய டைட்டன் இங்குக் கைக்கடிகாரம் செய்தது. நொடியை அளக்கும் கருவியில் பழகிய கைகளே பின்னர் மின்னணுத் தொழிலுக்கும் முன்னோடியாயின எனல் பொருந்தும். 2004 பிப்ரவரியில் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2021-இல் ஏத்தர் ஆலை ஓசூரிலும், ஓலா ஆலை போச்சம்பள்ளிப் பகுதியிலும் மின்வண்டி செய்யத் தலைப்பட்டன.

மின்வண்டியின் உள்ளமைப்பைச் சிறிது விளக்குதல் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. மின்கலத் தொகுதியில் பல இடங்களில் வெப்ப உணரிகள் உள்ளன. மின்னழுத்தமும் மின்னோட்டமும் இடையறாது அளக்கப்படுகின்றன. பொறி சுழலும் நிலையைக் காந்த உணரி அறிகின்றது. இவ்வுணரிகள் ஒவ்வொன்றும் தனிக்கம்பியால் பேசுமாயின் வண்டி முழுதும் கம்பியாகிவிடும். ஆகலின் போசு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் என்னும் முறை பெரிதும் கையாளப்படுகின்றது. இதில் இரண்டு கம்பிகளே உள. உறுப்புகள் யாவும் அவற்றில் இணைந்திருக்கும். ஓர் உறுப்புக் கூறுவதை எல்லாம் கேட்கும். தனக்கு வேண்டியதை மட்டும் ஏற்கும். இரண்டு உறுப்புகள் ஒருங்கே பேசத் தொடங்கின், தலைப்பெண் சிறியதாகிய செய்தி முந்தும். மற்றது தானே ஒதுங்கிப் பின்னர்ப் பேசும். ஊர்ப்பறை அறைந்தால் எல்லாரும் கேட்டுத் தத்தமக்குரியதை மட்டும் கொள்வதை இதற்கு ஒருபுடை உவமை கூறலாம்.

வண்டிக்குள் இவ்வாறு திரண்ட செய்தி, கைப்பேசி வழிபோலும் கம்பியில்லா வழியால் நிறுவனத்தின் கணினி நிலையத்தை அடைகின்றது. 2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்வண்டிகள் தீப்பற்றியமையால், மின்கலப் பாதுகாப்பு விதிகள் 2022 திசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரு படியில் கடுமையாக்கப்பட்டன. கலத்தின் வெப்பத்தை முன்னரே அறிந்து எச்சரித்தல் உயிர்காக்கும் செயல் என்பதில் ஐயமில்லை.

சாலையிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. ஓசூர் எல்லையில் சரக்குவண்டிகள் நீளநின்று தாள் காட்டிச் சென்ற வணிகவரிச் சோதனைமுறை 2017 சூலையில் சரக்கு சேவை வரியோடு நீங்கிற்று. 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் பாசுடாக் என்னும் ஒட்டுச்சில்லு கட்டாயமாயிற்று. அதில் மின்கலம் இல்லை. சாவடியின் வானலையிலிருந்தே ஆற்றல் பெற்றுத் தன் எண்ணை மறுமொழியாகக் கூறுகின்றது. எல்லைக் காவலன் வினவி வழிப்போக்கன் விடை கூறிய இடத்தில், இன்று அலை வினவுகின்றது. சில்லு விடை கூறுகின்றது.

7. எதிர்வாதமும் ஆற்றுச் சான்றும்

இதுகாறும் கூறியவற்றான், செய்தி இந்நிலத்தில் எழுந்து பிறிதோரிடத்தில் படிக்கப்படுதல் மூன்று நூற்றாண்டாகத் தொடர்ந்த முறைமை என்பது விளங்கும். இதனை மறுப்போர் இரண்டு காரணம் கூறலாம். ஒன்று, ஓசூரில் ஆய்வுக்கூடம் நடத்தும் நிறுவனமும் உண்டு. ஆதலின் யாவும் வெளியே செல்கின்றன எனல் மிகை. இம்மறுப்பு ஏற்கத்தக்கது, டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஓசூரிலேயே உள்ளது. மற்றொன்று, செய்தி எங்குப் படிக்கப்பட்டால் என்ன, பயன் கிட்டினாற் போதும் என்பது. இதனை ஏற்றற்கியலாது. காரணம் தென்பெண்ணையாறு.

நந்திமலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு பெங்களூரின் புறத்தே ஓடி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளினின்று வரும் கழிவுநீரையும் ஏற்று, ஓசூர் அருகே தமிழ்நாட்டிற் புகுகின்றது. கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை மலைபோல் பொங்குதல் பலமுறை நிகழ்ந்த செய்தி. மாசு மிகுந்த 17 வகைத் தொழிற்சாலைகள் தம் கழிவை இடையறாது அளக்கும் உணரிகளை அமைத்தல் வேண்டும் என நடுவண் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஆணையிட்டது. அவ்வளவுகள் மாநில வாரியத்திற்கும் நடுவண் வாரியத்திற்கும் செல்கின்றன. நீரின் காரத்தன்மை, கலங்கல், கரைந்த உயிர்வளி ஆகியவற்றை உணரி நொடியில் கூறும். ஆனால் உயிரிகள் உட்கொள்ளும் உயிர்வளியின் அளவை ஆய்வகத்தில் முறைப்படி காண 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வேண்டும். நுரையோ மூன்று நாள் காத்திராது. மேலே ஒரு மாநிலம் அளக்கின்றது. கீழே மற்றொரு மாநிலம் அளக்கின்றது. கரையில் வாழும் உழவன் கண்ணாலும் மூக்காலும் அளக்கின்றான். இம்மூவர் சொல்லும் ஒருங்கு வைத்து நோக்கப்படாதவரை, எத்துணை உணரிகள் இருப்பினும் தெளிவு பிறவாது. வள்ளுவர் கூறிய மூவர் முறை இங்கு அணியாகக் கூறியதன்று. ஆற்றுநீரைப் பருகுவார்க்கு உரிய வழக்கு.

மற்றொரு சான்றும் உண்டு. 2024 திசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் எச்சத்தால் கிருட்டிணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. ஊருக்குள் வெள்ளம் புகுந்து வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. தென்பெண்ணையில் பெருகிய நீர் சாத்தனூர் அணையினின்று திறந்துவிடப்பட்டுக் கீழ்நாட்டு ஊர்களை வருத்தியது. முன்னறிவிப்பு உரிய காலத்தில் உரியாரை அடைந்ததா என்னும் வினா பொதுமன்றில் எழுந்தது. மழைமானி மழையை உணர்ந்தது. அணையின் அளவுகோல் நீரை உணர்ந்தது. உணர்தல் நிகழ்ந்தது, உணர்த்தல் எத்துணை நிகழ்ந்தது என்பதே வினா. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு இலக்கண மாணவர்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் தெளிவாகும்.

8. மொழியும் கடமையும்

ஓசூர் என்னும் பெயரே கன்னடத்தில் புதிய ஊர் எனப் பொருள்படும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்னும் நான்கும் இங்கு வழங்குகின்றன. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும் பல மொழியும் கலந்த இந்நிலை நீங்கவில்லை. இத்தகைய இடத்தில் எச்சரிக்கையைத் தமிழில் மட்டும் அறிவித்தாலும் சிலர்க்கு எட்டாது; ஆங்கிலத்தில் மட்டும் அறிவித்தால் பலர்க்கு எட்டாது.

தொழிற்கூடத்தார் சென்சார், பேட்டரி, சார்சர் என்றே வழங்குகின்றனர். அவ்வழக்கை இகழ்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. அவர் நாவில் வழங்கும் சொற்களை முதலில் தொகுத்து, பொருந்தும் இடத்து உணரி, உணர்த்தி போன்ற சொற்களை உடன்வைத்து வழங்கவிடுதலே முறை. ஆலையில் பணிபுரியும் பல்லாயிரவர் மகளிரும் ஆடவரும் தம் தொழிலைத் தம் மொழியில் எவ்வாறு விளக்குகின்றனர் என்பதை நேரிற் சென்று பதிதல் தமிழ்த்துறைகட்கு உரிய பணி. நடுகல்லைத் தேடி மலையேறிய ஆய்வாளர், அம்மலையடிவாரத்து ஆலை வாயிலையும் அணுகுதல் வேண்டும்.

9. முடிவுரை

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவன மூன்று. ஒன்று, ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதி செய்தித்தொடர்புக்குப் புதிதன்று. ஒற்றும் அஞ்சலும் கோட்டையும் அளவையும் முன்னரே இங்கு நிலவின. தந்திக் காலமே இடையீடு. இரண்டு, கருவி மாறியும், இங்கு எழுந்த செய்தியை வேறிடத்தார் படிக்கும் முறைமை பெரிதும் மாறவில்லை. மூன்று, மெக்கன்சி சுவடிகள் போலச் செய்தி பிறந்த இடத்திற்கு மீளும்போதே அது மக்கள் அறிவாகின்றது.

ஆகலின், கெலவரப்பள்ளி நீரின் அளவுகளும் ஊத்தங்கரை மழையின் அளவுகளும் அவ்வவ்வூர் மக்கள் படிக்கும் மொழியில், அவர்கள் கூடும் இடத்தில், அளந்த பொழுதிலேயே எழுதி வைக்கப்படுதல் வேண்டும் என்பது எம் கருத்து. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டா. உணரிகள் முன்னரே உள. உணர்த்துதல் ஒன்றே எஞ்சியுள்ளது.